டைகருக்குக் கதவு செய்த மிஸ்டர் செல்லையா

செல்லையா காலமான செய்தி வந்தபோது, நான் தரையில் மணை போட்டு உட்கார்ந்து, எங்கள் நாய்க்கதவின் ரப்பரை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். என் வயதில் தரையில் உட்கார்வது எளிது, எழுவதுதான் பெரும்பாடு. கட்டிலில் கிடந்த போன் இரண்டு முறை அடித்து ஓய்ந்து, மூன்றாம் முறைதான் எடுக்க முடிந்தது. அவர் மகள் முத்துமாரி.

"அம்மா, அப்பா போயிட்டாகம்மா. காப்பி குடிச்சாக, பேப்பரை விரிச்சாக, அப்படியே சாஞ்சுட்டாக."

ஆறுதல் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பேப்பர்ல எதைப் படிச்சிட்டு இருந்தாரு?" என்று கேட்டுவிட்டேன்.

அழுகையின் நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேறென்னத்தம்மா, இன்னைக்கு வெயிலு எம்புட்டுன்னு போட்டிருப்பானே, அதைத்தான்."

இந்த அஞ்சலிக் குறிப்பைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் நாரணாபுரத்துப் பட்டாசுத் தொழிற்சாலையில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள். உங்களுக்கு அவர் போர்மேன். வாசலில் நின்று ஒவ்வொருவர் மடியையும் தடவி, தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்த்தவர். நான் அறிந்தது ஓய்வு பெற்றபின் எங்கள் தெருக் கோடியில் மகளோடு குடியிருந்த செல்லையாவை. குழாய் ஒழுகினாலும் மின்விசிறி நின்றாலும் தெருவில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நான் கான்வென்ட்டில் படித்தவள். அறிமுகமான ஆண்களை மிஸ்டர் போட்டு அழைக்க வேண்டும் என்று சிஸ்டர்கள் பழக்கியதை இன்றுவரை விட்டதில்லை. முதல் நாள் நான் "மிஸ்டர் செல்லையா" என்றதும் அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். வேறு யாரோ வந்திருக்கிறார் என்று நினைத்தாராம்.

போன வருஷம் கோடையில் கொல்லையில் துணி காயப் போடும்போது மயங்கி விழுந்தேன். பகல் முழுவதும் குளிர்ந்த அறையில் இருந்தே தீர வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். படுக்கையறையில் ஏசி வைத்தாயிற்று. ஆனால் அந்த அறையின் பின்கதவில், நாய் நுழையும் அளவுக்கு ஒரு சதுரம் அறுத்துத் திறந்திருந்தது. என் கணவர் தம் கையால் டைகருக்காக அறுத்தது. அதில் ஒரு சாக்குப் படுதா தொங்கும். டைகர் பெயரில்தான் புலி. வெடிச் சத்தம் கேட்டால் அந்த ஓட்டை வழியாகப் பாய்ந்து கட்டிலுக்கடியில் பதுங்கிவிடும். சிவகாசியில் பிறந்த நாய்க்கு இப்படி ஒரு சுபாவம்.

ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. குளிர் சாக்கு வழியாகக் கொல்லைக்குப் போயிற்று, கொல்லையின் வெக்கையும் புழுதியும் என் அறைக்கு வந்தன. பெங்களூரில் இருக்கும் என் மகன் அருண் போனில் தீர்ப்புச் சொன்னான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவான். அதற்குள் அறை குளிரவில்லை என்றால் ஓட்டையைப் பலகை வைத்து அடைத்துவிட்டு, டைகரை அச்சங்குளத்தில் ஒரு நண்பரின் தோட்டத்தில் விடுவான். தோட்டம் நல்ல தோட்டம்தான், சுற்றிலும் பட்டாசு ஆலைகள். பதினோரு வயது நாயை, என் கணவர் விட்டுப்போன நாயை, அங்கே அனுப்புவதாவது!

மறுநாளே மிஸ்டர் செல்லையாவைக் கூப்பிட்டேன். அருண் அனுப்பியிருந்த ஒரு வீடியோவைக் காட்டினேன். பனி கொட்டும் தேசத்தில் ஒரு வெள்ளைக்காரர் நாய்க்கதவின் இடுக்குகளை அடைத்து வீட்டின் சூட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். மிஸ்டர் செல்லையா அதை இரண்டு தடவை பார்த்தார்.

"அங்கன குளுரு வெளிய, சூடு உள்ள. நமக்கு அப்படியே திருப்பிப் போட்டா ஆச்சு. இதுக்கு எதுக்கும்மா இங்கிலீசு?"

எந்த இடுக்கில் காற்று நுழைகிறது என்று பார்க்க அந்த வீடியோவில் ஊதுபத்தியின் புகையைப் பயன்படுத்தினார்கள். நானும் ஊதுபத்தியும் தீப்பெட்டியும் கொண்டுவந்து நீட்டினேன். மிஸ்டர் செல்லையா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அதை அங்கிட்டு வையிங்கம்மா. நாப்பது வருசமா தீப்பெட்டியைக் கையில தொட்டதில்ல. வீட்டுல அடுப்பு பத்த வைக்கிறதுகூட மகதான்."

சட்டைப் பையிலிருந்து, பட்டாசு சுற்றும் மெல்லிய சிவப்புத் தாளில் ஒரு கீற்றைக் கிழித்தெடுத்தார். அதை விரல் நுனியில் பிடித்துக் கதவின் ஓரமெல்லாம் மெதுவாக நகர்த்தினார். எங்கே காற்று புகுந்ததோ அங்கே தாள் துடித்தது. ஓட்டையில் மட்டுமல்ல, கதவுக்கும் தரைக்கும் நடுவிலும் துடித்தது. நான் ஸ்கேலும் பென்சிலும் வைத்துக்கொண்டு ஒவ்வோர் இடத்தையும் குறித்தேன்.

கனத்த ரப்பர் விரிப்பில் மடல் வெட்டி, மேல்விளிம்பில் பித்தளைத் திருகாணி போட்டுத் தொங்கவிட்டார். அடி இடுக்குக்கும் ஒரு ரப்பர் பட்டை வைத்தார். இரும்புத் திருகாணி என் டப்பாவிலேயே நிறைய இருந்தது. அதை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

"மிஸ்டர் செல்லையா, இது நாய் நடக்கிற வழி. வெடிமருந்து கலக்குற ரூம் இல்லை" என்றேன்.

"தெரியும்மா. கையிக்குத் தெரிய மாட்டேங்குதே. இரும்பு உரசுனா பொறி வரும்னு அதுக்கு ஒரே பயம்."

இடது பக்கத்துத் திருகாணி சாய்ந்திருப்பதைச் சுட்டிக்காட்டினேன். கழற்றி நேராகப் போட்டார். பிறகு, "உங்ககிட்ட வேலை பாக்கதுக்கு இன்ஸ்பெக்சனே தேவலை" என்றார்.

மடலுக்கு உள்பக்கம் நான்கு ஓரமும் மரச்சட்டம் அடித்தார். மடல் வந்து அதில் ஒட்டிக்கொண்டதும் சிவப்புத் தாள் எங்கே பிடித்தாலும் அசையவில்லை. அறை ஒரு மணி நேரத்தில் குளிர்ந்தது. டைகர் மூக்கால் முட்டி வெளியே போயிற்று. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டோம். காப்பிக்கு ஒரு கரண்டி சர்க்கரை கூடவே போட்டுக் கொடுத்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை, பக்கத்துத் தெருவில் ஒரு சடங்கு வீடு. தாய்மாமன் சீர் சரவெடியோடு வந்தது. நான் மதியத் தூக்கத்தில் இருந்தேன். புதுக் கதவு வெக்கையோடு சத்தத்தையும் தடுத்துவிட்டது. விழித்துப் பார்த்தால் கட்டிலுக்கடியில் டைகர் இல்லை. பின்கதவைத் திறந்தேன். வெளிப்புறம் மடலைச் சுற்றித் தேக்கு மரத்தில் நகக் கீறல்கள். கொல்லைப் படல் சாய்ந்து கிடந்தது.

மடல் வெளியே மட்டும்தான் திறந்தது. உள்ளே தள்ளினால் மரச்சட்டத்தில் முட்டி நின்றது. பட்டாசு ஆலையில் வேலை செய்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே எந்த அறைக்கும் கதவு வெளிப்பக்கம்தான் திறக்கும். ஆபத்து என்றால் ஓடுகிறவன் கதவை இழுத்துக்கொண்டு நிற்கக் கூடாது, தள்ளிக்கொண்டு போய்விட வேண்டும். நாற்பது வருஷம் அந்தக் கதவுகளைக் காத்தவர் நாய்க்கும் அதையே செய்திருந்தார். ஒவ்வோர் இடுக்காகப் பார்த்த நானும் அதைக் கவனிக்கவில்லை. இந்தத் தவற்றில் பாதி என்னுடையது.

செய்தி கேட்டதும் அவர் சைக்கிளை எடுத்தார். பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், ரயிலடி எல்லாம் சுற்றினார். நான் டாக்டர் சொன்னதை மறந்து வெயிலில் குடையோடு நாலு தெரு நடந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து அவர் தண்ணீர் குடிக்க வீட்டுக்குப் போனபோது முத்துமாரி வாசலில் நின்றாளாம். "ஊரெல்லாம் தேடுதீகளாக்கும்! உங்க கட்டிலுக்கடியில வந்து கெடக்கு. அந்தம்மா வீட்டுல எடமில்லைன்னு சொல்லிட்டாகளோ என்னமோ."

டைகரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினார். பிறகு கீறல்களின் முன்னால் குந்தி, கட்டைவிரலால் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார். அவர் அன்று சொன்னதை அப்படியே தருகிறேன்:

"உள்ள இருக்கிறவனை வெளிய அனுப்பத்தாம்மா எனக்குத் தெரியும். வெளிய இருக்கிறவன் உள்ள வரணும்னு தவிப்பான்னு நான் நெனைச்சதே இல்ல."

சனிக்கிழமை காலையிலேயே விருதுநகர் போய், பழைய பிரிட்ஜ் பிரிக்கும் கடையிலிருந்து கதவோரத்துக் காந்த ரப்பரை வாங்கி வந்தார். மரச்சட்டத்தைப் பெயர்த்தார். கதவுப் பலகையின் கனத்துக்குள்ளேயே உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என, இரு திசையிலும் ஆடும்படி இரண்டு மடல் தொங்கவிட்டு, ஓரங்களில் காந்தத்தை ஒட்டினார். காந்தம் பித்தளையில் ஒட்டாது. சட்டத்தில் இரும்புத் தகடு வைத்தே ஆக வேண்டும். தகட்டை வேட்டி நுனியால் இரண்டு முறை துடைத்தார்.

"ஏலே டைகரு, உனக்காகத்தாம்லே இரும்பைத் தொடுதேன்" என்று சொல்லிவிட்டு ஒட்டினார்.

டைகர் அருகே வரவில்லை. ஒரு முறை ஏமாந்த நாய். பிஸ்கெட் காட்டினேன், அதட்டினேன், பலனில்லை. மிஸ்டர் செல்லையா கொல்லைப்பக்கம் போனார். சற்று நேரத்தில் மடல் தூக்கிக்கொண்டு, அவருடைய நரைத்த தலை என் அறைக்குள் வந்தது. உங்கள் போர்மேனின் தலை! "பாருலே, நானே வந்துட்டேன், உனக்கென்ன?" என்றது. தோள் மட்டும் சிக்கிக்கொண்டது. நான் சிரித்த சிரிப்பில் பல் செட்டு கழன்றுவிட்டது. என் கணவர் போனபின் அப்படிச் சிரித்தது அன்றுதான். டைகர் அவர் முகத்தை நக்கி, அவர் தலையை இழுத்துக்கொண்டதும், பின்னாலேயே வெளியே போய், தானாகத் திரும்பி உள்ளே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அருண் வந்தான். மிஸ்டர் செல்லையாவும் வந்திருந்தார். அருண் மடலின் ஓரமெல்லாம் கையை வைத்துப் பார்த்தான், சிவப்புத் தாளை வைத்துப் பார்த்தான். "டைகர் இருக்கட்டும்மா" என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு அவன், "வீடியோவில் இருக்கிற மாதிரி ராத்திரிக்கு ஒரு கொக்கி மட்டும் போட்டுடுங்க" என்றான்.

"தம்பி, வேற என்ன வேணாலும் கேளுங்க. உள்ள உசுரு இருக்கிற ரூமுக்குக் கொக்கி கெடையாது."

"அது நாய்தானே?"

"நாயி கொக்கி எடுக்குமா?" என்று கேட்டார் மிஸ்டர் செல்லையா. கொக்கி போடவில்லை.

அவருடைய இறுதி ஊர்வலம் எங்கள் தெரு வழியாகத்தான் போயிற்று. உங்களில் பலர் அதில் நடந்தீர்கள். நீங்கள் கட்டிய வெடியை நீங்களே கொளுத்தினீர்கள், ஓர் அரசனுக்குப் போல. நான் வாசலில் நின்று கும்பிட்டேன். முதல் சரம் வெடித்ததும் கொல்லைப் பக்கமிருந்து அந்த மடல் இரண்டு முறை அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

பாடை தெருமுனையில் திரும்பியபின் அறைக்குப் போய்ப் பார்த்தேன். டைகர் கட்டிலுக்கடியில் இருந்தது. அறை குளிர்ந்திருந்தது. அந்தச் சிவப்புத் தாளை நான் என் ஜெபப் புத்தகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறேன். எடுத்து மடலின் ஓரத்தில் பிடித்தேன். அசையவில்லை. அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை இந்தத் தாளும், எந்தக் கதவைச் சாத்துமுன்னும் இரண்டு பக்கமும் பார்க்கிற பழக்கமும்தான்.

உள்ளே திறந்தது, மிஸ்டர் செல்லையா. நேரத்துக்குத் திறந்தது.