சர்க்கார் பெண்பால்

அன்று டில்லி ஆசஃப் அலி ரோட்டில், பங்குத் தரகர் லாலாஜியின் மாடி அறையில் இருந்தவர்கள்: லாலாஜி, அவருடைய கணக்கர், வேறு வேலையாக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பஞ்சாபிக்காரர்கள், கிட்வாய் நகரில் எங்களுக்கு மேல்வீட்டில் குடியிருந்த நர்ஸ் அக்கா, எங்கள் அமைச்சகத்து செக்ஷன் ஆபீசர், பிறகு நான். ஏழு பேரில் சிரிக்காதவர்கள் அக்காவும் நானும் மட்டும்தான்.

எதற்காகச் சிரித்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் முன்னால் போக வேண்டும்.

எழுபதுகளின் கடைசி வருடங்கள். முப்பது வருடமாக ஆண்ட கட்சி தோற்று, பல கட்சிகள் ஒன்றாகச் சேர்ந்து ஆட்சிக்கு வந்திருந்தன. வெளிநாட்டுக் கம்பெனிகள் இங்குள்ள ஜனங்களுக்குப் பங்கு விற்றாக வேண்டும் என்று சட்டம் இருந்ததால், ஷேர் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்கூட பாங்கில் கியூவில் நின்று விண்ணப்பம் போட்டார்கள். அக்கா ஒரு மருந்துக் கம்பெனிக்குப் போட்டாள். "தெனம் வார்டுல நான் குடுக்குத மாத்திர தம்பி. அது எங்க போயிரப் போகுது?" என்றாள். முந்நூறு பங்கு கிடைத்தது. பத்து ரூபாய்ப் பங்கு ஏறி ஏறி முப்பத்தொன்றில் வந்து நின்றது.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யமுனைக்கு அந்தப் பக்கம் வீடு கட்டப் போவதாகச் சொன்ன ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர். அந்த மாதக் கடைசிக்குள் ஒன்பதாயிரம் ரூபாய் தவணை கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். ரிடையரானால் அரசு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஊரில் அண்ணன் வீட்டுத் திண்டாட்டத்துக்குத் திரும்பக் கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே பிடிவாதம்.

அப்போதே விற்றிருந்தால் கதை முடிந்திருக்கும். எங்கள் காலனியிலேயே இருந்த செக்ஷன் ஆபீசர்தான் விடவில்லை.

"பாரும்மா, மார்க்கெட்டுக்குக் கட்சி கிடையாது, பயம்தான் உண்டு. எந்தக் கட்சி வந்தாலும் ஏறும், எந்தக் கட்சி போனாலும் விழும். போறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி வித்துடணும், அவ்வளவுதான் சூட்சுமம்" என்றார்.

"எப்பம் போகும்னு எனக்கு யாரு சார் சொல்லுவா?"

"இதோ, இவன் சொல்லுவான். மந்திரி ரூமுக்கு ஃபைல் தூக்கிண்டு போறவன்."

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இவரா? வானம் கறுத்தா குடைய எடுக்கவா வேண்டாமான்னு பத்து வீட்டுல கேக்குத ஆளு இவரு."

உண்மைதான். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். ஒரு பெரியவர் தயவில் டில்லிக்கு வந்து, டெஸ்பாட்ச் செக்ஷனில் பியூனாகச் சேர்ந்தவன். யாராவது கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாலே வேலை போயிற்று என்று நினைத்துக்கொள்வேன். "நீங்களே போன் பண்ணிடுங்க சார்" என்று கேட்டுப் பார்த்தேன்.

"நான் பண்ணப்படாது. கண்டக்ட் ரூல்ஸ் இருக்கு. பியூனை யார் கேக்கப் போறா?"

மூவருமாக லாலாஜியிடம் போய் ஏற்பாடு செய்தோம். பார்லிமெண்டில் அப்போது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்திருந்தார்கள். லாலாஜி எனக்காக இரண்டு விரலை நீட்டி, மெதுவாக இந்தியில் விளக்கினார். சர்க்கார் விழப்போகிறது என்று தெரிந்தால் உடனே போன் செய், மொத்தத்தையும் விற்றுவிடுகிறேன். தீர்மானம் விழுமென்று தெரிந்தாலும் சொல், சர்க்கார் பிழைத்ததென்று அர்த்தம், விலை இன்னும் ஏறும், விற்காமல் வைத்திருப்பேன். நான் தலையை ஆட்டினேன். இரண்டு விழுவதும் எனக்கு ஒரே விழுவதாகத்தான் கேட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஃபைலோடு போனபோது, மந்திரி அறையில் அவருடைய சொந்தப் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பி.ஏ. யாரிடமோ, "கதம், முடிஞ்சது. ரெண்டு நாள்ல ராஜினாமா" என்றார். செக்ஷனுக்கு ஓடிவந்து போனை எடுத்தேன். பக்கத்து மேஜையில் சூப்பரின்டென்டென்ட் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால்வரை, அவசரநிலை இருந்தபோது, ஆபீஸ் போனில் சர்க்காரைப் பற்றி யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். அந்தக் காலம் போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரியும். என் வயிற்றுக்குத்தான் தெரியவில்லை. லாலாஜியின் குரல் வந்ததும் 'சர்க்கார்' என்ற சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அதை விழுங்கிவிட்டு, விழுந்துவிட்டது என்ற மிச்சத்தை மட்டும் இந்தியில் சொன்னேன்.

"லாலாஜி, கிர் கயா."

"பக்கா?"

"பக்கா. கிர் கயா."

"பஹுத் அச்சா!" என்று சந்தோஷமாக வைத்துவிட்டார்.

விழுந்ததற்கு இந்த ஆள் ஏன் சந்தோஷப்படுகிறார் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கமிஷன் வரப்போகிறதே, அதனால் இருக்கும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு முழுவதும் என் கவலையெல்லாம் சூப்பரின்டென்டென்ட் காதில் விழுந்திருக்குமோ என்பதுதான். கவலைப்படுவதையே தொழிலாக வைத்திருப்பவன், கவலைப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன்.

ஞாயிறு ராத்திரி ரேடியோவில் ராஜினாமா செய்தி வந்தது. அக்கா மேலேயிருந்து இறங்கிவந்து என் மனைவி கையில் ஒரு பொட்டலம் அச்சு முறுக்கு கொடுத்தாள். "உங்க வீட்டுக்காரர லேசா நெனச்சிட்டேன் பாத்துக்கிடுங்க. பெரிய ஆளுதான்."

திங்கட்கிழமை பணம் வாங்கத்தான் ஆசஃப் அலி ரோட்டுக்குப் போனோம். செக்ஷன் ஆபீசர், தன் சூட்சுமம் பலித்ததை நேரில் பார்க்க வேண்டும் என்று, அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார்.

"பணமா? என்ன பணம்?" என்றார் லாலாஜி. "ஒரு பங்குகூட விற்கவில்லையே. உங்கள் ஆள்தானே தீர்மானம் விழுந்துவிட்டது என்றார்?"

"நான் அப்படிச் சொல்லவில்லை" என்றேன்.

லாலாஜி கோபப்படவில்லை. வாத்தியார் மாதிரி என் பக்கம் திரும்பினார். "இப்போது சொல்லுங்கள். சர்க்காருக்கு என்ன ஆச்சு?"

"சர்க்கார் கிர் கயா."

அறை முழுக்கச் சிரிப்பு. கணக்கர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பெஞ்சிலிருந்த பஞ்சாபிக்காரர்களில் ஒருவர் தொடையைத் தட்டினார். "அரே மத்ராசி பையா, சர்க்கார் அவுரத் ஹை! பெண்பிள்ளை! டில்லியில் இத்தனை வருஷம் இருந்துகொண்டு இதுகூடவா தெரியாது?" தீர்மானம் விழுந்தால் கிர் கயா, சர்க்கார் விழுந்தால் கிர் கயீ. நம் பாஷையில் இரண்டும் விழுந்தது, அவ்வளவுதான். ஆணென்ன, பெண்ணென்ன?

எல்லோரையும்விட அதிகம் சிரித்தவர் செக்ஷன் ஆபீசர். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு எழுத்துய்யா! ஒரே எழுத்து!" என்றார். பிறகு லாலாஜியைப் பார்த்து, இது இவர்கள் சொந்த விவகாரம், தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நல்ல இந்தியில், பால் தவறாமல், சொன்னார்.

ராஜினாமா செய்திக்குப் பிறகு அன்றைக்குப் பங்கு வாங்க ஆளே இல்லை. மாடிப்படி இறங்கும்போது அக்கா நின்றாள்.

"சர்க்கார்ன்னு ஒரு வார்த்த முன்னால போட்டிருந்தா போதும்லா தம்பி. கயாவோ கயியோ, அவருக்கு வெளங்கியிருக்கும்."

"பக்கத்துல சூப்பரின்டென்டென்ட் இருந்தாருக்கா."

"இருந்தா? கடிச்சா வச்சிருப்பாரு?"

மேலே சிரித்தவர்கள் என் இந்தியைப் பார்த்துச் சிரித்தார்கள். அக்கா கேட்டது இந்தியைப் பற்றி இல்லை. அதுவரை வெறும் தலைகுனிவாக இருந்தது, அந்தப் படியில் வேறு ஏதோ ஆயிற்று. வீட்டுக்கு வந்ததும் மூன்றாவது படிக்கும் என் மகளிடம், "சர்க்கார் கயாவா, கயீயா?" என்று கேட்டேன். நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் "கயீ" என்றாள். ஏன் என்றேன். "ஐஸே ஹீப்பா" என்றாள், அது அப்படித்தான் என்று.

மாதக் கடைசியில் வேறு வழியில்லாமல் அக்கா இருபத்தைந்துக்கு விற்றாள். ஏழாயிரத்து ஐந்நூறு வந்தது. ஆபீஸ் சொசைட்டியில் நான் முந்நூறு கடன் வாங்கிக்கொண்டு போனேன். வார்டு நர்ஸுகள் அறுநூறு திரட்டினார்கள். செக்ஷன் ஆபீசர், மாசக் கடைசி, கையில் ஒன்றுமில்லை என்றார். அப்படியும் அறுநூறு குறைந்தது. சங்கத்துச் செயலாளர் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். காத்திருந்தவர் பட்டியலில் அடுத்தவருக்கு அக்காவின் இடம் போனது. முந்நூறை அன்று சாயங்காலமே என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் தேர்தல் வந்து பழைய கட்சியே திரும்பி வந்தது. மருந்துக் கம்பெனிப் பங்கு முப்பத்தாறைத் தாண்டியது. "நான் சொல்லலையா, எந்தக் கட்சி வந்தாலும் ஏறும்னு?" என்று செக்ஷன் ஆபீசர் பஸ் ஸ்டாப்பில் எல்லோரிடமும் சொன்னார். அவர் சொன்னது சரிதான். ஆறு மாதம் காத்திருக்க முடிந்தவர்களுக்கு யார் ஆண்டாலும் ஒன்றுதான். அக்காவால் ஒரு நாள்கூடக் காத்திருக்க முடியவில்லை.

விற்க வேண்டிய விலைக்கும் விற்ற விலைக்கும் வித்தியாசம் ஆயிரத்து எண்ணூறு. அதை நான் தருவதாகச் சொன்னேன். "கூறு கெட்ட பேச்சு. உங்க சம்பளம் எனக்குத் தெரியாதா?" என்றாள் அக்கா. பிடிவாதமாக மாதம் முப்பது ரூபாய் கொண்டுபோய்க் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொள்வாள். மூன்று வருடத்துக்கு மேல் தவறாமல் நடந்தது. பிறகு மகளுக்கு டைபாய்டு, ஊரில் தம்பி கல்யாணம் என்று ஒரு மாதம் நின்றது, இரண்டு மாதம் நின்றது. கொடுக்காமல் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், பின்பக்கச் சந்து வழியாக வீட்டுக்கு வரப் பழகிக்கொண்டேன்.

யமுனைக்கு அந்தப் பக்கம், மயூர் விஹாரில், அந்தச் சங்கத்தின் வீடுகள் எழும்பி ஜனங்கள் குடிவந்த வருடத்தில்தான் அக்கா ரிடையரானாள். ஊருக்கு, அண்ணன் வீட்டுக்கே புறப்பட்டாள். சொல்லிக்கொண்டு போக எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை. மேலே அவள் கதவு பூட்டும் சத்தம் கேட்டதுமே நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். டூட்டிக்குப் போயிருக்கிறேன் என்று என் மனைவி சொன்னாள். என் செருப்பு வாசலில் கிடந்தது.

"ஆகட்டும்மா. வந்தாருன்னா சொல்லுங்க, நான் அந்தக் கணக்கெல்லாம் மறந்தாச்சுன்னு" என்றாள் அக்கா, கொஞ்சம் உரக்கவே. ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்கும்வரை நான் வெளியே வரவில்லை.

ஊர் விலாசம் யாரிடமாவது கேட்டு வாங்கியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் கேட்டால் கொடுத்திருப்பார்கள். கேட்கப் போனால் எதற்கு என்று கேட்பார்களே என்று போகவில்லை. அவள் மறந்ததாகச் சொன்னாள். எனக்கு மறக்கவில்லை. கொடுத்தது ஆயிரத்து நூற்று நாற்பது. பாக்கி அறுநூற்று அறுபது ரூபாய்.