வெள்ளைச் சட்டையோடு நக்கிள்ஸ் மழைக்காட்டுக்கு

மழைக்காட்டுக்குப் போக வேண்டும் என்று சொன்னவர் என் கணவர் தியாகு. கண்டி நகரில், கொழும்பு வீதிப் புடவைக்கடை ஒன்றில் விற்பனையாளராக இருந்தவர். கண் அழுத்த நோயில் இரண்டு கண்களும் போய் ஒன்றரை வருடமாகிறது. அதன்பிறகு அவர் வீட்டுப்படி இறங்கியது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான். சித்திரைப் புத்தாண்டு முடிந்த வாரம், வானொலியில் நக்கிள்ஸ் காட்டுப் பறவைகளைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டு, “சரோ, அங்க ஒருக்கா போவோமா?” என்றார்.

“காட்டுல என்னத்தப் பாக்கப் போறீங்க?” வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

“பாக்கப் போறேன்னு யார் சொன்னா?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே சரி என்றேன். ஆனால் உள்ளுக்குள் பயம். வழுக்கி விழுந்தால் யார் தூக்குவது?

பயத்தில்தான் பையைக் கட்டினேன். போர்வை, மருந்துப் பெட்டி, இரண்டு குடை, நான்கு மாற்றுடுப்பு, ஃபிளாஸ்க். அவர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டினார்.

“இது காட்டுக்குப் போற பையா, வீடு மாறுற பையா? என் பைய நானே கட்டுறேன்.”

ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து எடுத்து வைத்தார். மாற்றுடுப்பைப் பொலித்தீன் பையில் சுற்றி அடியில் போட்டார். உப்புப் பொட்டலம் இடது பக்கப் பையில், தண்ணீர்ப் போத்தல் வலது பக்கத்தில். குடையை ஒதுக்கினார், காட்டில் ஒரு கையில் கம்பு, மறுகையில் யாருடைய தோளாவது இருக்கும், குடையை எந்தக் கையால் பிடிப்பது என்றார். போட்டுக்கொள்ள வெள்ளைச் சட்டைதான் வேண்டுமாம்.

“சேத்துல வெள்ளையா?”

“அட்டை ஏறினா ஒனக்குத் தெரியணுமே!”

காலை ஆறு மணிக்கு ரவி வேனோடு வந்தார். மடுல்கெல்லத் தோட்டத்தில் பிறந்து கண்டியில் வேன் ஓட்டுபவர். பதினாறு கிலோமீட்டரில் திகன ஊர் வந்தது. கடைவீதியில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

“அட்டை மேஸ் இரிக்கி சேர். சோடி அறுநூறு,” என்று, முழங்கால் வரை வரும் துணிக் காலுறையை நீட்டினார்.

தியாகு துணியை விரல்களுக்கிடையில் தேய்த்தார். “நெசவு நெருக்கமாத்தான் இருக்கு. ரெண்டு சோடி ஆயிரம்.”

“யாவாரம் தெரிஞ்ச ஆள் போல!” கடைக்காரர் சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுத்தார். என் கணவர் விலை பேசிக் கேட்டு எத்தனை நாளாயிற்று! நான் வேறு பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

தெல்தெனிய தாண்டி, ஹுன்னஸ்கிரிய சந்தியில் இடப்பக்கம் திரும்பியதும் பாதை மலை ஏறத் தொடங்கியது. தேயிலை முடிந்து காடு தொடங்கிய இடத்தை நான் சொல்வதற்கு முன்பே அவர் சொன்னார்: “குளிருது. வாசனையும் மாறிருச்சு.”

நுழைவுச்சீட்டு கொடுக்கும் இடத்தில்தான் சிக்கல் வந்தது. எங்களுக்கு ஏற்பாடாகியிருந்த வழிகாட்டி பண்டார, தியாகுவின் கம்பைப் பார்த்துவிட்டு, முடியாது என்று என்னிடம் தலையசைத்தார்.

“ஐயாவுக்கு ஏலாது நோனா. ஓடைக்குப் போற பாதை முழுக்க வேர். விழுந்தா எனக்குத்தான் பிரச்சினை.”

திரும்பிப் போகலாம் என்று சொல்ல எனக்கு அதைவிட நல்ல சாக்குக் கிடைக்காது. ஆனால் தியாகு ஏற்கெனவே கதிரையில் உட்கார்ந்து புதுக் காலுறையை மாட்டிக்கொண்டிருந்தார். நாடாவைக் கெண்டைக்காலுக்கு மேல் இறுக்கி முடிச்சுப் போட்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு வேறு வார்த்தைதான் வந்தது.

“ஓடை வரைக்கும் மட்டும் கூட்டிட்டுப் போங்க தம்பி. ஏலாதுன்னு நீங்க சொல்ற எடத்துல திரும்பிருவோம்.”

பண்டார கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் தோளைக் கொடுத்தார். “வேர்... கல்லு... பள்ளம்,” என்று அவர் சொல்லச் சொல்ல, தியாகு கம்பால் தட்டிக் கால் வைத்தார். நான் பின்னால் அவர் பாதங்களையே பார்த்துக்கொண்டு நடந்தேன். என் பாதங்களைப் பார்க்கவில்லை. பாசி பிடித்த பாறையொன்றில் சறுக்கி, சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

“யாரு விழுந்தது?” என்றார் தியாகு.

“நோனாதான்,” என்றார் பண்டார.

என் கணவர் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த குரங்குகள் கத்திக்கொண்டு தாவின. சேற்றில் உட்கார்ந்தபடியே நானும் சிரித்தேன். பண்டாரவுக்கும் அடக்க முடியவில்லை.

ஓடைக்கரையில் நின்றபோது மழை பிடித்தது. மேலே இலைகளில் பெரும் இரைச்சல். எங்கள் மேல் ஒரு துளி இல்லை. தியாகு முகத்தை உயர்த்திக் காத்திருந்தார். “வருது, வருது,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, இலை இலையாக இறங்கி வந்த தண்ணீர் அவர் நெற்றியில் விழுந்தது. முழுக்க நனையும்வரை அசையவில்லை. வெள்ளைச் சட்டையில் ஏறிய அட்டைகளை உப்பு வைத்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

திரும்பும் வழியில் தெல்தெனியவில் ரவி தேநீருக்கு நிறுத்தினார். வீட்டில் அவருக்குத் தேநீரைக் கையில் கொடுத்து, குடித்து முடியும்வரை பக்கத்திலேயே நிற்பேன். இங்கே கோப்பை வாங்கி வர நான் எழுந்தபோது, “நீ இரு,” என்று கதவைத் தள்ளித் தானே இறங்கினார். கம்பு தரையில் தட்டும் சத்தம் கடைவரை போவதைக் கேட்டேன். என் கை வேன் கதவில் இருந்தது; இறங்கவில்லை.

கடைப் பணியாளர் தேநீர்த் தட்டோடு பின்னால் வர, காட்டில் மழை மேலிருந்து கீழே வந்து சேர எவ்வளவு நேரமாகிறது என்று அவருக்கு விளக்கிக்கொண்டே தியாகு திரும்பி வந்தார்.

“சரோ,” என்று என் பக்கமாகக் கை நீட்டினார். “ஒனக்குச் சீனி குறைச்சுப் போடச் சொன்னேன். சரியா இருக்கா பாரு.”