இருபத்து மூன்று வருடம் தள்ளிப்போட்ட திருத்தணி

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை திருத்தணி மலைக்கும் அங்கிருந்து பள்ளிப்பட்டுக்கும் போய்வந்தேன். சாமி கும்பிடப் போகவில்லை. தரிசனக் குறிப்பு தேடி வந்தவர்கள் ஏமாற வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு மாதத்துக்கு முன் வீட்டை விட்டுப் போன என் கணவர் முனிரத்தினத்தைத் திரும்ப அழைத்துவரப் போனேன். வழியில் இருக்கும் மலையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

சென்னையிலிருந்து காலை 6.30 மணி மின்ரயில். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய், தூரம் எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். திருவள்ளூர் வரை உட்கார இடம் கிடைக்காது, அதற்கப்புறம் காலை நீட்டிக்கொள்ளலாம். மணவூரில் வண்டி நின்றபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. இருபத்து மூன்று வருடத்துக்கு முன் திருத்தணியிலிருந்து திரும்பும்போது இந்த நிலையத்தில்தான் அம்மா என் கழுத்து மாலையைக் கழற்றி வெளியே வீசினாள். அதுவரை அது கழுத்தில் கிடப்பது யாருக்கும் உறைக்கவில்லை, எனக்கும்தான்.

நடந்தது இதுதான். மலைமேல் கல்யாணம் செய்வதாக எங்கள் வீட்டில் வேண்டுதல். அன்றைய முகூர்த்தத்துக்கு ஒரே மண்டபத்தில் ஏழு ஜோடிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், எட்டாவதாக நான் மட்டும். மாப்பிள்ளை கீழே சத்திரத்திலிருந்து கிளம்பிவிட்டதாக மூன்று முறை ஆள் வந்து சொன்னார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் மேளம் கொட்டும்போது எறிந்த அட்சதை என் தலையிலும் விழுந்தது. கடைசியில் குருக்கள், அடுத்த முகூர்த்தக்காரர்கள் காத்திருக்கிறார்கள், எழுந்துகொள்ளம்மா என்றார். அவன் ஏன் வரவில்லை என்று இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் நான் நாவல் எழுத வந்திருக்கவே மாட்டேன்.

ஆறு நாவல் எழுதியிருக்கிறேன். ஒன்றில், தண்ணீர் பிடிக்க ரயிலிலிருந்து இறங்கிய காதலன் திரும்ப ஏறுவதில்லை. இன்னொன்றில், பத்து வருடம் குடும்பம் நடத்திய டாக்டர் ஒரு காலையில் சவரம் செய்த கையோடு போய்விடுகிறார். நாலாவதில் அவன் போவதற்கு முன் இவளே போய்விடுகிறாள். அதைப் புரட்சி என்று பாராட்டினார்கள். புரட்சியாவது மண்ணாவது, வெறும் பயம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. கல்யாணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்த ஒரு காலைப்பொழுதுதான், அதையே ஆறு விதமாகச் சமைத்துப் பரிமாறியிருக்கிறேன்.

வீட்டிலும் அதே சமையல்தான். முனிரத்தினம் பத்து நிமிடம் தாமதித்தால் பீரோவைத் திறந்து அவர் சட்டைகள் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். பத்தொன்பது வருடம் பார்த்தேன். நாலு மாதத்துக்கு முன் ஒரு நாள் ரயில் தகராறில் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார், போனும் அணைந்திருந்தது. அதற்குள் நானே அவர் துணியெல்லாம் அடுக்கிப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டேன். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செருப்பைக்கூடக் கழற்றாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிப்பட்டில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்.

8.50க்குத் திருத்தணி. நிலையத்து வாசலில் மலைக்கு ஆட்டோ நூற்றைம்பது கேட்பார்கள், பேசினால் நூற்றிருபதுக்கு வருவார்கள்.

“படி ஏறுறதா வேண்டுதல் எதுனா இருக்குதாம்மா?” என்றார் ஓட்டுநர்.

“இல்லைங்க.”

“அப்ப மேலேயே வுட்டுர்றேன். இன்னிக்கி முகூர்த்தம், காலையிலேருந்து ஜோடி ஜோடியா வந்துகினே இருக்குது. நீங்க யார் கல்யாணத்துக்கு?”

“என் கல்யாணத்துக்குத்தான்.”

கண்ணாடியில் ஒரு முறை பார்த்தார். அப்புறம் வாயே திறக்கவில்லை, பாவம்.

மண்டபத்தில் ஐந்து ஜோடி உட்கார்ந்திருந்தார்கள். தூணோரம் நின்று மாப்பிள்ளைகளை எண்ணினேன். ஐந்து பேரும் இருந்தார்கள். அழுகை வரும் என்று இரண்டு கைக்குட்டை கொண்டுபோயிருந்தேன், வந்ததோ எரிச்சல். நாலு தூணும் ஒரு மேடையும். இதற்குப் போயா இத்தனை வருடம் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் இருந்தேன்! முனிரத்தினம் வீட்டாருக்கு இந்த முருகன்தான் குலதெய்வம். கல்யாணமான புதிதில் ஜோடியாக, ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து ஏறுவது அவர்கள் வழக்கம். நாங்கள் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்றே மாமியார் கூப்பிட்டார். அந்த மலை மட்டும் வேண்டாம் என்றேன். ஏன் என்றுகூடக் கேட்காமல் சரி என்றவர் முனிரத்தினம்.

10.40க்குப் பள்ளிப்பட்டு பஸ். முப்பத்தெட்டு ரூபாய், ஒன்றரை மணி நேரம், பெரும்பாலும் கரும்பு லாரிகளின் பின்னால். பக்கத்து இருக்கையில் பேச்சு பாதி தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடியும். இறங்கி அண்ணன் வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். வாசலில் அவருடைய அண்ணி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

“மோட்டார் கொட்டாயாண்ட இருக்காரும்மா,” என்று மோரை நீட்டினார். “சண்டை கிண்டை வாணாம், இன்னா?”

மோட்டார் கொட்டகைப் பக்கத்தில் முனிரத்தினம் வாய்க்கால் மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார். இளைத்துப்போயிருந்தார். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த மன்னிப்பெல்லாம் எங்கே போனதோ, “வீட்டுக்கு வாங்க” என்று மட்டும் வந்தது.

“சாப்ட்டியா?” என்றார்.

“மலைக்குப் போயிட்டு வர்றேன்.”

“ஆங். தனியாவா?” மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். “ஜோடியா ஏறுங்கன்னு அம்மா சாகிற வரைக்கும் கேட்டுகினு இருந்தாங்க. அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு நானும் சொல்லிகினே இருந்தேன்.”

 மேலே பேசினார்.

“உன் ஆறு புத்தகத்தையும் நான்தான் டைப் அடிச்சேன், மாலதி. ஒவ்வொண்ணுலயும் தேடுவேன். எங்கனா ஒரு பக்கத்துல, காய் வாங்கிகினு வர்ற ஆளாவாச்சும் நான் இருக்கேனான்னு. ஒரு நாள் வராதவன் ஆறு புத்தகத்துலயும் இருக்கான். பத்தொன்பது வருஷம் தினம் வீட்டுக்கு வந்தவன் ஒரு வரியில இல்ல.”

வயல் நடுவில் நின்று அழுதேன். “அடுத்த நாவல்ல நீங்கதான்” என்று உளறினேன். என்ன ஜென்மம் நான்!

“வாணாம். இப்ப எழுதினா நானும் பெட்டி தூக்கினவனாத்தான் வருவேன்.” கோபமே இல்லாத குரலில் சொன்னார். “நான் வரலம்மா. தினம் திரும்பி வந்து நிரூபிக்கிற வேலை இனிமே என்னால ஆவாது.”

அண்ணி கையால் சாப்பிட்டேன். பஸ் நிலையம் வரை முனிரத்தினம் கூட வந்தார்.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்கு: முகூர்த்த நாளைத் தவிர்த்துவிடுங்கள், மண்டபத்துப் பக்கம் நிற்க இடம் இருக்காது. படியில் ஏறுவதானால் இதற்கு முந்தைய ரயிலைப் பிடித்து எட்டு மணிக்கு முன் ஏறுங்கள், அப்புறம் கல் சுடும். மலையும் பள்ளிப்பட்டும் ஒரே நாளில் முடியும். ஆட்டோ, பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கும். சேர்ந்து போகலாம் என்று யாராவது கேட்டால், கேட்ட வருடமே கூட்டிக்கொண்டு போங்கள். பயம் இருந்தால் பயத்தோடு போங்கள். அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை, அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு கல்யாணம் செலவாகிவிட்டது.

கதையில் வேண்டாம் என்றவரிடம், இந்தப் பயணத்தையாவது எழுதலாமா என்று பஸ் நிலையத்தில் கேட்டேன்.

“எழுதிக்க,” என்றார். “பஸ் நேரத்தையாச்சும் சரியா போடு. அதை நம்பி யாராச்சும் வந்து நிப்பாங்க.”

பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணிக்கு பஸ் மாலை 4.40க்கு. நேரத்துக்கு வந்தது. நான் மட்டும் ஏறினேன்.