வேப்பிலைப் படுக்கையில் எடுத்த படங்கள்

மகளுக்கு அம்மை வார்த்திருந்த நாட்களில் எங்கள் பென்னலூர் வீட்டில் தாளிப்பு இல்லை, வெளியாள் யாரும் வரவில்லை. நிலைக்கண்ணாடியைப் பழைய புடவையால் மூடியிருந்தேன். நான் பள்ளியிறுதி வரை படித்தவள். சின்னம்மைதான், இறங்கிவிடும் என்று ஸ்ரீபெரும்புதூர் டாக்டர் சொல்லியனுப்பியது புரியாமல் இல்லை. ஆனால் என் தம்பி பெரியம்மையில் போனவன். அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை அவள் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன்.

படுத்திருந்தவள் என் அண்ணன் கொடுத்த பெட்டிக் கேமராவைக் கேட்டாள். கண்ணாடிதானே கூடாது என்று கொடுத்துவிட்டேன். கேமராவின் கண்ணுக்கு முன்னால் ஒரு பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, தனக்கு விரித்திருந்த வேப்பிலை சுருள்வதையும், ஜன்னல் கம்பியில் மழைநீர் தொங்குவதையும் எடுத்தாள்.

“எலையப் போய் படம் புடிக்கிறியே, அதுல இன்னா கீது?”

“நாளிக்கி இது இப்டி இருக்காதும்மா.”

பிழைத்து எழப்போகிற பெண் பேசுகிற பேச்சா இது? அன்று முழுவதும் அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

“ஜொரம் எனக்கா, உனக்கா?” என்று சிரித்தாள்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் பிலிம் சுருள் ஸ்டூடியோவுக்குப் போனது. வந்த படங்களில் ஒன்று என்னை நிறுத்தியது. மெல்லிய ரோமங்களுக்கு நடுவே ஒரு துளி. அதற்குள் ஜன்னல் வெளிச்சம் சின்னச் சதுரமாக நின்றது. பூசணி இலைமேல் பனித்துளி என்று நினைத்துப் பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டினேன்.

“கண்ணுல ஒத்திக்கலாம் போல கீதே” என்றாள் அக்கா.

தலை துவட்டிக்கொண்டிருந்த மகள் சொன்னாள்: “ரெண்டு பேரும் என் கையத்தான் பாத்துகினு கீறீங்க. அது அம்மைக் கொப்புளம்.”

அக்கா படத்தைக் கீழே வைத்தாள். “மொதல்ல போயி கைய கழுவிக்கிறேன்” என்று எழுந்து போய்விட்டாள்.

அந்தக் கொப்புளம் வற்ற வேண்டும் என்றுதான் நான் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தேன்.

“உனக்குப் பயமாவே இல்லியாடி?”

“இருந்துச்சி. வெயிலு ஜன்னலாண்ட வர்றதுக்குள்ள ஒடஞ்சிடுமோன்னு.”

கோபம் வந்ததா, அழுகை வந்ததா, தெரியவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். தோல் உரிந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு வட்டம். சீக்கிரம் மறையட்டும் என்று நினைத்தேன். கூடவே, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு அம்மனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.