ஓட்டை அடைத்த சுவர்

மால்மோவில் மழை பெய்தால் யாரும் மேட்டை அண்ணாந்து பார்ப்பதில்லை. பார்க்க மேடே கிடையாது, தோசைக்கல் மாதிரி தட்டையான ஊர். ஸ்வீடனுக்கு வந்து ஆறு வருடமாகியும் மழை பிடித்தால் என் கண் ஜன்னல் வழியே மண்சரிவைத் தேடுகிறது. என்னைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் கேமில் ஒரு மலையைச் சரிக்கும் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள்!

பழைய கேம்களில் சுவர் எத்தனை முறை இடிந்தாலும் அதே கல் அதே இடத்தில்தான் விழும். இப்போதைய கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு கல்லின் எடையையும், மண்ணில் ஊறும் நீரின் அழுத்தத்தையும் அந்தந்த நொடியில் தானே கணக்குப் போடுகிறது. சுவரைக் கட்டிக் கொடுப்பது மட்டுமே என் வேலை. மலையடியில் நான் கட்டிய தடுப்புச் சுவரோ எந்த மழைக்கும் அசையவில்லை. கார்டில் கோளாறோ என்று குழுத்தலைவர் யோனாஸ் குனிந்து பார்த்தார்.

"இந்தத் துளைகள் என்ன, துப்பாக்கிக் குண்டு பட்டதா?"

அவை சுவருக்குப் பின்னால் மண்ணில் ஊறும் தண்ணீர் வடிவதற்கான ஓட்டைகள். எங்கள் மலையூர் வட்டக்கானலில் தம்பி ஆரோக்கியம் தன் கெஸ்ட் ஹவுசுக்குப் பின்னால் சுவர் எழுப்பியபோது, ஓட்டைக்கான குழாய்த் துண்டுகளைக் கொத்தனாருக்கு எடுத்துக் கொடுத்தவள் நான். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் வைத்திருந்தேன். யோனாஸ் அடைக்கச் சொன்னார், அடைத்தேன். மண் ஊறி, சுவர் வயிறு தள்ளி, குப்புற விழுந்தது. ஃபீகா என்கிற காபி இடைவேளைக்கு எழுந்தவர்கள் நின்று கைதட்டினார்கள்.

எனக்குக் கை எழவில்லை. போன வாரம் வீடியோ காலில் தம்பி காட்டிய சுவரில் ஓர் ஓட்டைகூட இல்லை. "பளிச்சுனு இருக்குடா" என்று நானும் பாராட்டித் தொலைத்திருந்தேன். அங்கே ஒரு வாரமாக அடைமழை. உடனே அவனை வீடியோவில் கூப்பிட்டு, ஓட்டைகள் எங்கே என்று கேட்டேன்.

"கெஸ்ட்டுங்க மூஞ்சியச் சுழிக்கிறாங்கக்கா. தண்ணி வடிஞ்சு செவரெல்லாம் பாசி புடிச்சுக் கெடந்துச்சு. அதான் சிமெண்ட் வச்சு அடைச்சுட்டேன்."

"இப்பவே தொறடா. இங்க கேம்ல ஓட்டைய அடைச்சதும் செவரு விழுந்துருச்சு."

"கேம்ல விழுந்தா நெசத்துலயும் விழுமாக்கா?" என்று சிரித்தான்.

ஆத்திரமாக வந்தது. திரையில் ஓடியதைப் படம்பிடித்து அனுப்பினேன். அவன் மனைவி ஸ்டெல்லா போனை வாங்கிப் பார்த்தாள்.

"ஸ்கூல் லீவு மதினி. புள்ளைக அந்தச் செவத்தை ஒட்டுன ரூம்லதான் வெளையாடுதுக." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, வெரசா கடப்பாரைய எடுங்க. நான் புள்ளைகளக் கூட்டிக்கிட்டு எதுத்த வீட்டுக்குப் போறேன்."

போகும்போது போனைச் சுவர் தெரிகிற மாதிரி சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். நாலைந்து குத்தில் சிமெண்ட் பெயர்ந்து, சேற்றுத் தண்ணீர் தம்பியின் நெஞ்சில் பீய்ச்சி அடித்தது. எவ்வளவு தண்ணீர்! அவன் அடுத்த ஓட்டைக்குப் போனான்.

பின்னாலிருந்து யோனாஸ் கூப்பிட்டார். மேலிடத்து ஆட்கள் வந்திருக்கிறார்களாம், இன்னொரு தடவை விழ வைத்துக் காட்ட வேண்டுமாம். போனில் தம்பி கடைசி ஓட்டையைக் குத்திக்கொண்டிருந்தான். "மாதாவே, அந்தச் செவரு நிக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே, திரையில் என் சுவர் விழுவதற்கான பொத்தானை அழுத்தினேன்.