இருபதுக்குப் பதிமூன்று

இன்று மாலை முதலியார்பேட்டை பேக்கரியில் எங்கள் தெரு மரியாவைப் பார்த்தேன். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். மகள் பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கிறாள்.

"கணக்குல இருபதுக்குப் பதிமூணு வாங்கிட்டா, அதான் கேக்கு" என்றார். "பிராவோ!" என்று கடையிலேயே மகளின் இரண்டு கன்னத்திலும் முத்தம் வேறு.

நான் சிரித்து வைத்தேன். மனசு பதிமூன்றை ஐந்தால் பெருக்கிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் என் மகள் நின்றிருந்தாள். எட்டாம் வகுப்பு. அவளும் நேற்றுதான் கணக்குப் பேப்பரைக் கொண்டுவந்து நீட்டினாள். தொண்ணூற்று நான்கு.

"மீதி ஆறு எங்க போச்சு?" என்று கேட்டேன். என் அம்மாவும் என்னிடம் இதைத்தான் கேட்பார். எங்கள் வீட்டில் அக்கறைக்கு வேறு வாக்கியம் கிடையாது.

திரும்பும்போது வண்டியின் பின்னாலிருந்து கேட்டாள்.

"பதிமூணுன்னா நூத்துக்கு எவ்ளோம்மா?"

"அறுபத்தஞ்சு."

தெருமுனை திரும்பினோம். பிறகு, "அப்ப நான் எவ்ளோ வாங்குனா நீ முத்தம் குடுப்ப?"

வண்டியை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "மொதல்ல சென்டம் எடு, பாக்கலாம்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வந்ததிலிருந்து புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள்.

உங்கள் வீட்டில் முத்தத்துக்குக் கட்-ஆஃப் எவ்வளவு?