முத்தையா அண்ணன் வண்டியின் கமான் பட்டை

போன வாரம் பழனி அடிவாரத்தில் ஓர் அரிவாள் வாங்கப் போனேன். வீட்டில் நிற்பது ஒற்றைத் தென்னை, அதற்கு ஓர் அரிவாளா என்று நீங்கள் கேட்க வேண்டாம், என் மனைவி கேட்டு முடித்துவிட்டாள். ரோட்டோரம் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த பெண் ஓர் அரிவாளைக் கல்லில் தட்டிக் காட்டி, "பழைய வண்டிக் கமான் பட்டைங்க. பேரன் காலத்துக்கும் கெடக்கும்" என்றார். அந்த ஓசை அடங்குவதற்குள் நான் நாலு கடை தள்ளிப் போயிருந்தேன். பஞ்சாமிர்தக் கடைக்காரர் என்னை வெளியூர்ப் பக்தர் என்று நினைத்து, ருசி பார்க்கச் சொல்லிக் கரண்டியை நீட்டினார். உள்ளூர்க்காரன் என்று சொல்ல வாய் வராமல் வாங்கி நக்கிக்கொண்டு நின்றேன்.

கமான் பட்டை என்பது வண்டியின் பின்பாரத்தைத் தாங்கும் இரும்புப் பட்டை. நீளமானது மேலே, அதற்குக் கீழே வரவரக் குட்டையானவை என்று அடுக்கி, வில்லாக வளைத்து ஒரே கட்டாகக் கட்டியிருப்பார்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் விளக்கம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, வண்டி ஓட்டியவர்களுக்கு இந்த வியாதி உண்டு.

நான் ஓட்டியது ஒரு பழைய பிக்கப். மன்னவனூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவருடையது. எனக்கு முன்னால் அதை ஓட்டியவர் முத்தையா அண்ணன். அப்போது லோடுக்குப் பொறுப்பாகப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து போனவன் நான். விடியும் முன் கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு பழனிக்கு இறங்குவோம், பொழுது சாய மேலே திரும்புவோம். திரும்பும்போது காலி வண்டி என்று பேர்தான். கூக்கால் பிரிவில் பஸ்ஸை விட்டவர்கள், சிமெண்டு மூட்டை, கோழிக்கூடை, ஒருமுறை ஒரு புதுப்பெண்ணும் அவளுடைய பீரோவும். இத்தனையும் சுமந்து பின்பக்கப் பட்டைகள் தொய்ந்து, வண்டி எப்போதும் இடது பக்கம் சாய்ந்தே போகும். வளைவில் திரும்பினால் கிறீச்சென்று ஓர் இழுப்பு, அதன்பின் ஒரு முனகல். யூகலிப்டஸ் காட்டைத் தாண்டி ஊருக்குள் கேட்கும்.

ஊருக்கு முந்திய வளைவில்தான் அண்ணன் வீடு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம் அது. காட்டுக்குள் முதல் கிறீச் கேட்டதுமே அவர் மனைவி லெச்சுமி மதினி அடுப்பில் தண்ணீர் வைத்துவிடுவார். வண்டி வளைவு திரும்பும்போது இரண்டு டம்ளர் டீயோடு ரோட்டில் நிற்பார். அண்ணன் அங்கேயே இறங்கிக்கொள்ள, நான் குடித்துவிட்டு வண்டியைத் தோட்டத்தில் கொண்டுபோய் விடுவேன்.

"இந்தச் சத்தத்த அடக்கக் கூடாதாண்ணே? மானம் போகுது" என்றால் அண்ணன் சிரிப்பார்.

"அடக்கிட்டா தேத்தண்ணி எப்படிடா சூடா வரும்?"

ஒரு ஐப்பசி மழைநாளில், பழனியில் லோடு இறக்கிவிட்டு டயரில் சாய்ந்து உட்கார்ந்த அண்ணன் எழுந்திருக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அப்போது எங்கள் மலையில் போன் எடுக்காது, முன்னால் சொல்லியனுப்ப வழியில்லை. அவரைப் பின்னால் கிடத்தித் தார்ப்பாய் மூடி, துணைக்கு இரண்டு பேரை அவர் பக்கத்திலேயே ஏற்றிக்கொண்டு நானே ஓட்டிவந்தேன். வழியெல்லாம் எனக்கு அந்தச் சத்தத்தை நினைத்துத்தான் பயம். எவ்வளவு மெதுவாகத் திருப்பியும் அது அடங்கவில்லை. காட்டைத் தாண்டி வளைவு திரும்பினால், மதினி இரண்டு டம்ளரோடு ரோட்டில் நிற்கிறார். ஸ்டியரிங்கில் என்னைப் பார்த்தார், காலியாக இருந்த பக்கத்துச் சீட்டைப் பார்த்தார்.

"அவுக எறங்கலையா தம்பி?"

நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. டம்ளர் தார் ரோட்டில் விழுந்து உருண்ட சத்தம் மட்டும் இருக்கிறது.

அதன்பின் வண்டி என் கைக்கு வந்தது, சத்தத்தோடுதான். காரியம் முடிந்த மறுநாள் நான் வளைவு திரும்பினால் மதினி நின்றார், இரண்டு டம்ளரோடு. ஒன்றை நான் குடித்தேன், மற்றது அவர் கையிலேயே ஆறியது. அடுத்த நாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. "அந்தச் சத்தத்துலதான் அவ உசிரு ஓடுது" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் அதை நம்பினேன். எனக்கும் பக்கத்துச் சீட்டில் ஆள் இருப்பதுபோலவேதான் இருந்தது. அந்தச் சீட்டில் ஒரு பையைக்கூட வைக்கமாட்டேன்.

பழனி பட்டறையில் காதர் பாய் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்: "ஏலே, மெயின் பட்டை வாயப் பொளந்து கெடக்கு! ஆளுகள வேற ஏத்திட்டுத் திரியிற. ஒரு வளைவுல ஒடிஞ்சா அம்புட்டுப் பேரும் பள்ளத்துல. வெரசா மாத்து." தோட்டத்து முதலாளி புதுப் பட்டை வாங்கிக் கொடுத்தும்விட்டார். ஆனால் பின்னால் ஏறும் சனங்களே என்னை மாற்ற விடவில்லை. "அந்த லெச்சுமிப் பிள்ள மொகத்துக்காக இன்னுங் கொஞ்ச நாளு போகட்டுமே" என்பார்கள். சொல்லிவிட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். ஒருத்தி வீட்டில் டீ கொதிக்க வேண்டும் என்பதற்காக, விரிசல் விட்ட இரும்பை நம்பி ஒரு ஊரே அந்த மலையில் ஏறி இறங்கியது.

ஒருநாள் நான் குடித்த டம்ளரை நீட்ட, மதினி வாங்காமல் நின்றார்.

"தம்பி, இந்தப் பட்டைய எப்பத்தான் மாத்துவீங்க?"

"ஒங்களுக்காகத்தான் மதினி மாத்தாம..."

"எனக்காகவா?" என்று என்னையே பார்த்தார். "சத்தங் கேட்டா காலு தானா ஓடுது தம்பி. கை தானா தண்ணி வைக்குது. ஓடியாந்து பாத்தா அவுக எறங்க மாட்டேங்குறாக. தெனமும் செத்து வாறாக. எனக்கு ஏலாது தம்பி."

மறுநாளே பட்டறைக்கு விட்டேன். பாய் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, சக்கரங்களைக் கழற்றி, துருப்பிடித்த போல்ட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டுச் சம்மட்டியால் அடித்தார். கட்டு பிரிந்ததும் பட்டைகளுக்கு நடுவிலிருந்து செந்தூள் கொட்டியது. பழையதைப் புதியதன் பக்கத்தில் போட்டார். புதியது வளைந்து நின்றது, பழையது தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. என்னால் அதைப் பார்க்க முடியாமல் வெளியே போய் நின்றேன்.

எங்கள் பக்கம் எந்த வண்டிக்குக் கமான் மாற்றினாலும் பழைய பட்டைக்கு முன்கூட்டியே யாராவது சொல்லிவைத்துவிடுவார்கள். அரிவாளுக்கு அதைவிட நல்ல இரும்பு இல்லை. "ஒருத்தனுமா கேக்கல?" என்று பாய் ஆச்சரியப்பட்டார். ஒருவரும் கேட்கவில்லை. பட்டறையிலேயே போட்டுவிட்டு வந்தேன். அடிவாரத்தில் அந்தப் பெண் தட்டிக் காட்டியது எந்த வண்டியுடையது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதால்தான் கையில் எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் காட்டுக்குள் வண்டி சத்தமில்லாமல் ஏறியது. வளைவு திரும்பினேன். ரோட்டில் யாரும் இல்லை. மதினி வீட்டுக்கு வெளியே எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். நான் வண்டியை நிறுத்தவில்லை, ஹாரனும் அடிக்கவில்லை. கொஞ்ச தூரம் போய்த்தான் இடது பக்கம் பார்த்தேன். வெறும் சீட்டு. அண்ணன் அந்த வளைவிலேயே இறங்கிவிட்டார். நான் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, அவர் செத்த அன்றுகூட அழாத அழுகையை அழுதேன்.

மதினி பிறகு மகளோடு திருப்பூர் போய்விட்டார். வீடு இருந்த இடத்தில் இப்போது டூரிஸ்டுகளுக்கு ரூம் கட்டியிருக்கிறார்கள். புதுப்புது வண்டிகள் மெத்தென்று ஏறிப் போகின்றன. இப்போதெல்லாம் அந்த வளைவில் யார் வருகிறார்கள் என்பது, வந்து நின்ற பிறகுதான் தெரிகிறது.